புது பேடு போட்டும் பிரேக் கத்துவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் ஒரே ஒரு சொந்தக் காரை வைத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன் நான். 2016 மாடல் டீசல் வண்டி. ராமேஸ்வரம் வருகிறவர்களை அக்னி தீர்த்தம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, ஏர்வாடி என்று கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. பிரேக் கத்துவதைப் பற்றியெல்லாம் பேப்பருக்கு எழுதுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் 11 வண்டிகளில் 4 வண்டிக்கு இதே தொல்லை. ஆளுக்கொரு பட்டறையில் காசு கொடுத்துப் புது பேடு போட்டிருக்கிறோம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் கட்டைதான் பேடு. போட்ட பிறகுதான் நால்வருக்கும் சத்தமே ஆரம்பித்தது.

தை அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கும்போது முன் சக்கரம் இரண்டுக்கும் பேடு மாற்றினேன். பட்டறையின் பெயர் வேண்டாம். வேலை பார்த்த தம்பி கெட்டவரும் இல்லை, தொழில் தெரியாதவரும் இல்லை. ஒரு சக்கரத்துக்குப் பத்து நிமிஷம்தான் எடுத்தார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஜாக்கியை இறக்கிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுத்ததற்கு அன்று அவரைப் பாராட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை தெருமுனையில் லேசாகப் பெடலில் கால் வைத்தேன். 'கீ...ச்' என்று ஒரு சத்தம். பால் வாங்கிக்கொண்டு போன பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது.

பட்டறைக்குப் போன் போட்டேன். "புது பேடுண்ணே, ரெண்டு நாளைக்கு அப்படித்தான் கத்தும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அமாவாசை சவாரியை எடுத்தேன்.

ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தை விடியற்காலையில் ஏற்றினேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஆத்தாளும், மகனும் மருமகளும். அமாவாசை அன்று பாம்பன் பாலம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழே படகு போவதற்காக நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற பாலம். ரயில் பாலத்தைப் பார்க்கிறேன் என்று நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் வேறு. ஊர்ந்துதான் போக வேண்டும், அடிக்கு ஒருதரம் பிரேக்கைத் தொட வேண்டும். தொடும்போதெல்லாம் அந்தச் சத்தம். ஆத்தா முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, பிரேக்கு புடிக்குதா?" என்று கேட்டார்கள். "நல்லாப் புடிக்குது ஆத்தா, சத்தம் மட்டுந்தான்" என்றேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை எதைக் காட்டி நிரூபிப்பது? சரிவு இறங்கி முடியும்வரை அவர் கை சீட்டை விடவில்லை. அக்னி தீர்த்தத்தில் இறக்கிவிட்டதும், திரும்பிப் போக வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று மகன் மரியாதையாகவே சொல்லிவிட்டார். போன வாடகையைவிட அந்த அம்மா பயந்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு இரண்டு முறை பட்டறைக்கு நேரில் போனேன். முதல் முறை பேடைக் கழற்றி, முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களைச் சாய்வாக ராவி மாட்டினார்கள். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழையபடி. அடுத்த முறை, டிஸ்க் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை எனக்கு இரண்டு வாரச் சம்பாத்தியம். ஸ்டாண்டில் இன்னொருவர், தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து டிஸ்க்கில் ஒரு இழுப்பு இழுத்தால் சத்தம் நின்றுவிடும் என்றார். ஐயா, இதை மட்டும் தயவுசெய்து கொட்டை எழுத்தில் போடுங்கள்: பிரேக் டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ எந்த எண்ணெயும் படக்கூடாது. சத்தம் நிற்கும், கூடவே பிரேக்கும் நிற்கும். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைக் காப்பாற்ற வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

என் மச்சான் மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். படகுகள் கடலுக்குப் போயிருந்த ஒரு நாள் வண்டியை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றும் முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "மாப்ளே, பழைய பேடு எங்க?"

நல்லவேளையாக டிக்கியில் தாளில் சுற்றிக் கிடந்தது. பூவரச மரத்தடியில் நான்கையும் வரிசையாக வைத்தார். வலது சக்கரத்துப் பேடு இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. இடது சக்கரத்தில் உள்பக்கத்துப் பேடு ஒற்றை ரூபாய் நாணயக் கனத்துக்குத் தேய்ந்து கிடந்தது. வெளிப்பக்கத்துப் பேடில் பாதிக்குப் பாதி மிச்சம். "ரெண்டும் ஒரே சக்கரத்துல ஓடுனதுதான? ஒண்ணு மட்டும் ஏன் தேஞ்சிச்சு?" என்றார். புது பேடு போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்க வேண்டிய நான் டீக்கடையில் இருந்தேன்.

என் வண்டி மாதிரிச் சாதாரணக் கார்களின் முன் பிரேக்கில் டிஸ்க்கின் உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன் இருக்கிறது. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். உடனே, பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கி டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின் என்கிற இரண்டு கம்பிகளின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப் பேடையும் டிஸ்க்கோடு சேர்த்து இழுக்கும். பின் வழுக்காமல் இறுகிவிட்டால் உள் பேடே முழு வேலையையும் பார்க்கும். அது சீக்கிரம் தேயும், சக்கரம் சூடாகும், டிஸ்க்கை ஒரு பக்கமாகத் தள்ளி அதிர வைக்கும்.

அந்த அதிர்வுதான் சத்தம். பேடு டிஸ்க்கில் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு என்று ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை துடிக்கும்போது டிஸ்க் வெண்கலத் தாம்பாளம் போல ஓசையிடுகிறது. தாம்பாளத்தை வெறுமனே தட்டினால் கணீர் என்கும். அடியில் ஒரு துணியை மடித்து வைத்துத் தட்டிப் பாருங்கள், ஓசை அடங்கிவிடும். பேடின் முதுகில் துணி மாதிரி வேலை செய்வதற்குத்தான் ஷிம் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. என் பழைய பேடுகளின் முதுகில் அந்தத் தகடுகள் அப்படியே இருந்தன. புது பேடு தகடு இல்லாமல் வந்தது. பழையதிலிருந்து எடுத்து மாட்டியிருக்க வேண்டும்; மாட்டவில்லை. டிக்கியில் தாளுக்குள் என் அமைதி சுருண்டு கிடந்தது, நான் ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்து அவர் காட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை. காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் போல்டின் தலை புதிதாக ஸ்பேனர் பட்டுப் பளபளத்தது. மேல் போல்டின் தலையில் துருவும் மண்ணும் சேர்ந்து அப்பியிருந்தது; ஒருவரும் தொட்டதில்லை. கீழ் போல்டை மட்டும் கழற்றிக் காலிப்பரைக் கதவு மாதிரி மேலே தூக்கிவிட்டால் பேடு மாற்றிவிடலாம். பத்து நிமிஷ வேலையின் ரகசியம் அதுதான்.

மேல் பின்னை மச்சான் கொறடால் பிடித்துத் திருகித் திருகி உருவினார். வெளியே வந்த கம்பியில் கிரீஸ் இல்லை, தார் மாதிரிக் காய்ந்த ஒரு கறுப்பும் அதன்மேல் செம்பொடியும்தான். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையைத் திருப்பிக் காட்டினார். மடிப்புக்குள் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. "இந்த வழியாத்தான் உப்பு உள்ள போயிருக்கு" என்றார். பேடு உட்காரும் காடியில் எவர்சில்வர் கிளிப் மாட்டியிருக்கும். அதை நெம்பி எடுத்தால், அடியில் துரு கருவாட்டுச் செதில் மாதிரி அடுக்கடுக்காக எழும்பி, கிளிப்பையே மேலே தூக்கிவைத்திருந்தது. பேடின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது அங்கே இடுக்கிக்கொண்டு நகர முடியாமல் நின்றது.

பழைய பேடுக்கு வராத சத்தம் புது பேடுக்கு ஏன் வந்தது என்பதற்கும் அந்தக் காடியிலேயே விடை இருந்தது. பேடு தேயத் தேய அதன் காது காடியில் டிஸ்க்கை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. அது நகர்ந்து விட்டுப்போன வெற்றிடத்தில் துரு சாவகாசமாக வளர்கிறது. புது பேடு தேயாத முழுத் தடிமனில் இருக்கும், அதனால் பழைய பேடு எப்போதோ காலி செய்த அந்தத் துரு இடத்தில்தான் போய் உட்கார வேண்டும். சுரண்டாமல் வைத்தால் இடுக்கிக்கொள்ளத்தானே செய்யும்? புது பேடின் மேல் பழி போடுகிறோமே, அது பாவம்.

மதியம்வரை உட்கார்ந்து வேலை பார்த்தோம். கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் காடி நான்கையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினோம். கம்ப்ரஸர் காற்றடித்துத் தூசியை ஊத அவர் விடவில்லை, ஈரத்துணியால்தான் துடைக்கச் சொன்னார். பிரேக் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் சேர்த்த காலமும் உண்டு. பட்டறைகளில் சின்னப் பையன்கள் முகத்துக்கு நேரே அதை ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பின்னுக்குப் புது ரப்பர் உறை போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவினோம். எல்லா இடத்துக்கும் பூசுகிற சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும். சூட்டில் உருகி ஓடவும் செய்யும். பேடின் காதிலும் பிஸ்டன் தொடுகிற முதுகிலும் விரல் நுனியால் ஒரு மெழுகல் அளவு, அவ்வளவுதான். பழைய ஷிம் தகடுகள் வளையாமல் இருந்ததால் கழுவித் துடைத்து அவற்றையே மாட்டினோம்.

மாற்றச் சொன்னார்களே, அந்த டிஸ்க்கையும் பார்த்தோம். எவ்வளவு கனம்வரை தேயலாம் என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மச்சான் வெர்னியரை வைத்து அளந்தார். அளவுக்கு மேலேயே இருந்தது. ஓரத்தில் எழும்பியிருந்த துரு விளிம்பை மட்டும் சுரண்டினோம். அளக்காமலே மாற்றச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்தேன். மச்சான் கையைப் பிடித்து நிறுத்தி, "முதல்ல பெடலை மிதி" என்றார். பேடு மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதிக்குப் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டு, பிரேக் ஆயில் அளவையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். வீட்டில் தாங்களே பேடு மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பட்டறைத் தம்பி சொன்னதில் பாதி உண்மை என்றேன் அல்லவா? புது பேடின் முகம் டிஸ்க்கோடு பழக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது தானாகப் பழகும் என்று விட்டுவிடாமல் நாமே பழக்கலாம். திருப்பாலைக்குடிக்கு ஒரு சவாரி போய்க் காலியாகத் திரும்பும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை சீராகக் குறைத்தேன். முழுசாக நிறுத்தவில்லை. மறுபடி வேகம் எடுத்து, சற்றுத் தூரம் ஓடவிட்டு, மறுபடி குறைத்தேன். பத்துத் தடவை. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் தேவிபட்டினம்வரை ஓட்டி ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும்.

அன்றோடு சத்தம் நின்றது. அதற்குப் பிறகு 7,000 கிலோமீட்டர் ஓடிவிட்டேன்.

இதை மதுரைக்காரரோ திருச்சிக்காரரோ படித்தால், பேடு மாற்ற இவ்வளவு பாடா என்று நினைக்கலாம். அவர்கள் ஊர்க் காற்று வேறு, எங்கள் ஊர்க் காற்று வேறு. எங்களுக்கு ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். வாடை வீசினாலும் உப்பு, கச்சான் வீசினாலும் உப்பு. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், தண்ணீர் மோட்டார் எதுவும் தப்புவதில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவை ஆராய்வதற்கென்று எங்கள் மண்டபத்தில்தான் ஒரு மையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை நூறு ஆண்டுக்கு மேல் காப்பாற்றியது ஓயாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த கைகள்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டே கட்டியிருக்கிறார்கள். பாலத்துக்கு அவ்வளவு பார்க்கிறவர்கள் ஊரில் இருந்துகொண்டு, பக்கத்துச் சாலைப் பாலத்தில் தினமும் ஏறி இறங்கும் வண்டியின் பிரேக்கில் ஒரு விரல் நீளப் பின்னைக் கழற்றிப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை.

இளவயதில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் அலைத்தண்ணீரிலும் வேன் ஓட்டியவன் நான். 2017-இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறப்பதற்கு முந்தைய காலம். அந்த வேன்காரர்கள் படிக்காதவர்கள், ஆனால் மாதம் ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, பிரேக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். தார்ச்சாலை வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. சாலைதான் மாறியிருக்கிறது. காற்றடித்தால் இன்றும் அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கிறது, சாரல் வண்டிமேல் விழுகிறது.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு வாசலில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் காலையில் செம்மண் பூசினாற்போல் துரு படிந்திருக்கும். டிஸ்க் வார்ப்பிரும்பு, கடலோரத்தில் ஒரு ராத்திரி போதும். முதல் நாலைந்து பிரேக்கில் கரகரத்துவிட்டு அடங்கிவிடும், அதற்காகப் பட்டறைக்கு ஓட வேண்டாம். பிரேக்கைத் தொடாமலே ஓடும்போது கீச்சிட்டு, தொட்டால் நிற்கிறது என்றால் பேடு தேய்ந்ததைச் சொல்லும் நாக்குத் தகடு டிஸ்க்கில் உரசலாம், அல்லது ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். உடனே பார்க்க வேண்டும். இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் என்றால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள், ராமேஸ்வரமே எதிரில் தெரிந்தாலும் சரி.

மாவட்டத்தின் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேடு மாற்றும் கூலியோடு, ஸ்லைடு பின் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடும் கூலியையும் தனி வரியாகப் பில்லில் போடுங்கள். ஒரு சக்கரத்துக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். அதற்கான கூலியைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்கிறவர்களுக்குக் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். உதிரிபாகக் கடைக்காரர்கள் பேடு கேட்டு வருகிறவரிடம் கிளிப், தகடு, ரப்பர் உறை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் புண்ணியமாகப் போகும். ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் படிப்பு சொல்லித்தரும் ஆசிரியர்கள் எங்கள் கடலோர வண்டி ஒன்றைப் பிரித்து அந்தக் காடியைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டும்.

வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கும் சொல்கிறேன். எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகிறோம். அதற்காகப் பெயிண்ட் அடிக்கிறோம், ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அந்த நேரத்திலேயே பின்னையும் கழற்றிப் பார்த்துவிடலாம். வேலை நடக்கும்போது டீக்கடைக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள், பழைய பேடைக் கேட்டு வாங்கி இரண்டின் கனத்தையும் ஒத்துப் பாருங்கள்.

எங்கள் ஸ்டாண்டின் மற்ற மூன்று வண்டிகளும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போகின்றன. எனக்குப் பேடு மாற்றிக் கொடுத்த தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மேல் பின்னையும் காய்ந்த கிரீஸையும் போட்டோ எடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "வர்றேண்ணே, கம்பி பிரஷ் நான் கொண்டாறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.